நூறு குரோனர் தாளில் இருந்த பாட்டுக்காரர்

டென்மார்க்குக்கு வந்து சேர்ந்த எம்மவரில் இவருடைய முகத்தைக் காணாதவர்கள் குறைவு. பெயரைக் கேட்டால்தான் யோசிப்பார்கள். 1999ஆம் ஆண்டு வெளியான நூறு குரோனர் தாளில் இருந்தவர் இவர். ஊருக்கு அனுப்பக் காசு எண்ணியபோதும், கடையில் அரிசிக்கும் மாவுக்கும் கொடுத்தபோதும் இவருடைய முகம் எங்கள் கைகளுக்குள்ளால் போய் வந்தது. 2010இல் பாலத்தின் படம் போட்ட புதிய தாள் வந்தது. பழைய தாள் 2025 மே 31ஆம் திகதியோடு செல்லாமற் போயிற்று. யாருடைய வீட்டு அலுமாரிக்குள்ளாவது ஒன்று மிஞ்சிக் கிடந்தால் இனிக் கடையில் கொடுக்க ஏலாது. பிள்ளைகளுக்குக் காட்டி இவரைப் பற்றிச் சொல்லலாம்.

அவர் பெயர் கார்ல் நீல்சன். டேனிஷ் மக்களின் பெரிய இசையமைப்பாளர். இங்கே பாலர் பாடசாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற எங்கட பிள்ளைகள் இவருடைய பாட்டுகளை இவருடையவை என்று தெரியாமலே பாடிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். வானம்பாடியின் கூட்டைக் கண்டுபிடித்த சிறுவனின் பாட்டும், சூரியன் சிவந்து மறைகிற மாலையில் தாயிடம் பேசுகிற பிள்ளையின் பாட்டும் இவர் மெட்டமைத்தவையே. புத்தாண்டு மலரில் இவரைப் பற்றி எழுத வேறொரு காரணமும் உண்டு. சின்ன நாடு ஒன்றின் சின்ன மொழியில் ஒரு கிராமத்தான் கட்டிய பாட்டு எப்படி நாடு முழுவதற்கும் சொந்தமாயிற்று, அதில் அந்த நாட்டுப் பொது வானொலிக்கு என்ன பங்கு இருந்தது என்பதை அறிந்தால், எங்கட பாட்டுகளைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வரும்.

1865ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் திகதி பியூன் தீவிலே கார்ல் பிறந்தார். கிரின்ஸ்டெட்டிலிருந்து கோல்டிங் பக்கமாகப் போய், சின்ன பெல்ட் பாலத்தைத் தாண்டினால் வருகிற தீவுதான் அது. ஒடென்சே நகருக்குத் தெற்கே நோரே லுண்டெல்சே என்ற ஊர். பன்னிரண்டு பிள்ளைகளில் ஏழாவது பிள்ளை. நீல்சன் என்றால் நீல்ஸின் மகன். தகப்பனுடைய பெயர் நீல்ஸ் யோர்கன்சன். அந்தக் காலத்து நாட்டுப்புற மக்களிடம் தகப்பன் பெயரையே பிள்ளைக்குப் பின்பெயராக வைக்கிற வழக்கம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் அதை முன்னால் வைக்கிறோம், இவர்கள் பின்னால் ஒட்டினார்கள், அவ்வளவுதான். கொம்யூன் அலுவலகத்தில் முதற்பெயர் எது, குடும்பப்பெயர் எது என்று எம்மவர் பட்ட பாட்டை நினைத்தால், இவர்களுடைய பாட்டன் பூட்டனும் எங்களைப் போலத்தான் இருந்திருக்கிறார்கள் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

தகப்பன் வீடுகளுக்கு நிறம் பூசுகிற கூலித் தொழிலாளி. ஊரில் அவரை நிறம் பூசுகிற நீல்ஸ் என்றே கூப்பிட்டார்கள். ஆனால் கலியாணம், கொண்டாட்டம் என்றால் வயலினையும் கோர்னெட்டையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார். விடிய விடிய வாசிப்பு. எங்கட இணுவில், அளவெட்டிப் பக்கத்து மேளக்காரர் வீடுகளை அறிந்தவர்களுக்கு இந்த வாழ்க்கை புதிதல்ல. கலியாண வீட்டில் அவர்கள் இல்லாமல் ஒன்றும் நடக்காது, ஆனால் அடுத்த நாள் அவர்கள் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்று யாரும் கேட்பதில்லை. தாய் மாரென் கிர்ஸ்டின் வேலை செய்யும்போது பழைய பாட்டுகளை முணுமுணுத்துக்கொண்டு இருப்பாராம். கார்லுக்கு ஆறு வயதில் சின்னமுத்து வந்து படுத்திருந்தபோது, பொழுதுபோக்குக்காகத் தாய் ஒரு சின்ன வயலினைக் கையில் கொடுத்தார். அதற்கு முன்னமே அவருக்கு விளையாட்டு ஒன்று இருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த விறகுக் கட்டைகளைத் தட்டிப் பார்ப்பார். நீளமான கட்டை ஒரு சத்தம், கட்டையான கட்டை இன்னொரு சத்தம். அந்த விறகுக் குவியலே அவருடைய முதல் வாத்தியம். பணக்கார வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் பியானோவுக்கு முன்னால் இருத்தியிருப்பார்கள், விறகு தட்டியிருக்க மாட்டார்.

வாத்து மேய்த்தார். தகப்பனோடு கலியாண வீடுகளுக்குப் போய் வாசித்தார். பதினாலு வயதில் ஒரு பலசரக்குக் கடையில் தொழில் பழக விட்டார்கள். சில மாதத்தில் அந்தக் கடைக்காரர் முறிந்து போனார். பையன் வீட்டுக்குத் திரும்பி வந்து, அவசரம் அவசரமாகப் பித்தளைக் குழல் ஊதப் பழகி, 1879 நவம்பரில் ஒடென்சேயில் இருந்த பதினாறாம் பட்டாளத்தின் வாத்தியக் குழுவில் சேர்ந்தார். பதினாலு வயது இராணுவக்காரன்! பியூகிள் ஊதுவதும் ட்ரொம்போன் வாசிப்பதும் வேலை. கிடைத்த சம்பளத்தில் மிச்சம் பிடித்து வயலின் படித்தார். கிளாவுஸ் பேர்ன்ட்சன் என்று அந்தப் பக்கத்து ஆசிரியர் ஒருவர், அரசியல்வாதியும்கூட, இந்தப் பெடியனிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டு உதவி செய்தார். அவர் பிறகு 1910இல் இந்த நாட்டின் பிரதமராகவே வந்தார். ஊரவர்கள் சிலரும் காசு சேர்த்துக் கொடுக்க, 1884இல் கார்ல் கொப்பன்ஹேகன் இசைக் கல்லூரிக்குப் போனார்.

1889இல் அரச நாடகசாலையின் வாத்தியக் குழுவில் இரண்டாவது வயலின்காரர்களில் ஒருவராக இடம் கிடைத்தது. பதினாறு வருடம் அந்த நாற்காலியிலே இருந்தார். முன்வரிசை அல்ல, பெயர் போடுகிற இடமும் அல்ல. 1894 மார்ச்சில் அவருடைய முதலாவது சிம்பொனி அரங்கேறியது. சபையோர் கைதட்டி இசையமைப்பாளர் எங்கே என்று தேடினால், அந்த மனிதர் வயலினோடு பின்னுக்கிருந்து எழும்பி வருகிறார். தன்னுடைய இசையைத் தானே கூலிக்கு வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குப் பிறகு இன்னும் ஐந்து சிம்பொனிகள், இரண்டு ஒப்பெராக்கள், வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் கிளாரினெட்டுக்கும் என்று மூன்று கொன்செர்ட்டோக்கள் எழுதினார்.

மனைவி ஆன் மரி எங்கட யூலண்ட் பக்கத்துப் பெண். கோல்டிங்குக்குக் கிட்ட ஒரு பண்ணையில் பிறந்தவர். நல்ல சிற்பி. இருவரும் 1891இல் பாரிஸ் நகரத்தில் சந்தித்து, இரண்டு மூன்று மாதத்துக்குள் இத்தாலியில் கலியாணம் செய்துகொண்டார்கள். வாழ்க்கை இலகுவாக இருக்கவில்லை. இருவரும் கலைஞர்கள், இருவருக்கும் தங்கள் வேலைதான் முதல். கனகாலம் பிரிந்தும் இருந்தார்கள், பிறகு சேர்ந்தார்கள். இன்னொரு விசயம் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. கார்லின் சகோதரர்கள் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குப் போனார்கள். வயதான தாயும் தகப்பனும் அவர்களுக்குப் பின்னால் கப்பலேறினார்கள். தாய் 1897இல் அந்நிய மண்ணிலேயே கண் மூடினார். மகன் கடைசியாக முகம் பார்க்கவில்லை. இன்று பணக்கார நாடாக இருக்கிற டென்மார்க்கிலிருந்து அந்தக் காலத்தில் லட்சக்கணக்கானோர் இப்படித்தான் பெட்டி கட்டினார்கள்.

சிம்பொனிகளை விடுவோம். அவற்றை இருந்து கேட்கப் பழக்கம் வேண்டும். ஊர் மக்கள் அவரை அறிந்தது பாட்டுகளால். 1907இல் யெப்பே ஓகியர் என்ற யூலண்ட் கவிஞரின் கவிதை ஒன்றுக்கு மெட்டமைத்தார். தெருவோரம் இருந்து கல்லுடைக்கிற கிழவன் ஒருவனைப் பற்றியது. வாழ்நாள் முழுக்கக் கல்லோடு மாரடித்தவனுக்குச் செத்த பிறகு புதைகுழிக்கு ஒரு கல்லுக்கூட இல்லை, பழம்பலகை ஒன்றுதான். யென்ஸ் வைமான் என்ற அந்தப் பாட்டு நாடெங்கும் பரவியது. கூலிக்காரரும் பாடினார்கள், கடைச் சிப்பந்தியும் பாடினார், தெருவில் வாத்தியப் பெட்டி சுற்றுகிறவரும் வாசித்தார். சிம்பொனி எழுதுகிறவர் இப்படித் தெருப்பாட்டு எழுதலாமோ என்று கொப்பன்ஹேகன் பெரிய மனிதர்கள் சிலர் முகம் சுழித்ததும் உண்டு.

நீல்சன் அதைச் சட்டை செய்யவில்லை. தோமஸ் லௌப் என்ற தேவாலய இசைஞரோடு சேர்ந்து 1915இலும் 1917இலும் டேனிஷ் பாட்டுத் தொகுதிகளை வெளியிட்டார். அவர்களுக்கு ஒரு கொள்கை இருந்தது. மெட்டு எளிமையாக இருக்க வேண்டும், ஆனால் மலிவாக இருக்கக் கூடாது. பாடப் பழகாதவனும் இரண்டாம் தரம் கேட்டவுடன் சேர்ந்து பாட வேண்டும், சொல்லை மெட்டு அமுக்கக் கூடாது. சொல்லுவது இலகு, செய்து பார்த்தால்தான் தெரியும். 1922இல் மக்கள் உயர்பாடசாலைகளுக்கான மெட்டுப் புத்தகத்தை இன்னும் மூவரோடு சேர்ந்து தொகுத்தார். விவசாயிகளின் பிள்ளைகள் மாரிகாலத்தில் தங்கிப் படித்த பாடசாலைகள் அவை. அங்கே பாட்டு என்பது பாடவேளை அல்ல, சாப்பாடு மாதிரி. காலையில் பாடாமல் நாள் தொடங்காது. அதே 1922இல் பியூன் தீவின் வசந்தத்தைப் பற்றிய அவருடைய பெரிய கோஷ்டிப் படைப்பு ஒடென்சேயில் அரங்கேறியது. எங்கே தெரியுமோ? மாட்டுச் சந்தை மண்டபத்தில். நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடினார்கள்.

பணம்? அது எப்பவும் இழுபறிதான். 1901இலிருந்து அரசாங்கம் அவருக்கு வருடாந்த உதவிப்பணம் கொடுத்தது. தொடக்கத்தில் வருடத்துக்கு 800 குரோனர், 1927 அளவில் 7,500 குரோனர். இந்த நாட்டில் கலைஞனுக்குப் பொதுப்பணத்தில் சோறு போடுவது நேற்று முளைத்த வழக்கமல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். அப்படியிருந்தும், 1925இல் அறுபதாம் பிறந்தநாளைத் தேசமே கொண்டாடிய பிறகு, ஒரு நாளிதழில் மனம் வெறுத்துப் பேசினார். மறுபடி பிறந்தால் கலையைத் தலையிலிருந்து துரத்திவிட்டு ஒரு வியாபாரியிடம் தொழில் பழகப் போவேன் என்கிற மாதிரி. பலசரக்குக் கடை முறிந்ததால் இசைக்கு வந்த மனிதர் அறுபது வயதில் அந்தக் கடைக்கே திரும்பிப் போக ஆசைப்பட்டிருக்கிறார்!

அதே 1925இல்தான் வானொலி வருகிறது. அதுவரை வானொலிப் பிரியர்களின் சங்கங்கள் தங்கள் பாட்டில் ஒலிபரப்பிக்கொண்டு இருந்தன. 1925 ஏப்ரல் 1ஆம் திகதி அரசு அதைப் பொறுப்பெடுத்தது. கேட்கிறவர்கள் அனுமதிப் பணம் கட்ட வேண்டும், விளம்பரம் இல்லை. எங்களுக்கு ஒரு விசேட ஒற்றுமை. அதே 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலியும் தொடங்கி வைக்கப்பட்டது. பிற்காலத்தில் மயில்வாகனனின் குரலைக் கேட்க வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் கூட்டம் கூடிய இலங்கை வானொலியின் தொடக்கம் அது. எங்கட வானொலியும் இவர்களுடைய வானொலியும் ஒரே வயது.

டேனிஷ் வானொலியின் முதற் தலைவர் எமில் ஹொல்ம், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்து மேடையில் பல வருடம் பாடிய ஒப்பெராப் பாடகர். செய்திப்பெட்டியாக இருந்த வானொலியை அவர் இசைமண்டபமாக மாற்ற நினைத்தார். தொடங்கிய வருடமே பத்துப் பன்னிரண்டு பேரைக் கொண்டு வானொலிக்கென்று ஒரு வாத்தியக் குழு வைத்தார். அது வருடத்துக்கு வருடம் வளர்ந்து பெரிய சிம்பொனிக் குழுவாயிற்று. 1932இல் பாடகர் கோஷ்டி, 1933இல் வியாழக்கிழமைக் கச்சேரிகள், 1938இல் சிறுமிகள் கோஷ்டி. 1927இல் கலுண்ட்போர்க்கில் எழுப்பிய பெரிய ஒலிபரப்புக் கோபுரம் நாட்டின் மூலைமுடுக்குக்கெல்லாம் சத்தத்தைக் கொண்டுபோனது. கிரின்ஸ்டெட்டைச் சுற்றியிருந்த பற்றைவெளிக் குடியானவன், கொப்பன்ஹேகன் கச்சேரி மண்டபத்தின் வாசலைக்கூடக் காணாதவன், காதில் குழாயை மாட்டிக்கொண்டு அதே கச்சேரியைக் கேட்டான். கேட்டவர்கள் எல்லோரும் மகிழவில்லை. எங்களுக்கு ஏன் இந்தப் பெரிய சங்கீதம், அக்கோடியனும் நடனப் பாட்டும் போடுங்கோ என்று முறைப்பாடு குவிந்தது. ஹொல்ம் பிடிவாதக்காரர், அசையவில்லை. அந்தப் பிடிவாதத்தில் பாதி நன்மை, பாதி தீமை என்பது என் எண்ணம். குழுவைக் கட்டியது நன்மை, கேட்கிறவனுக்கு நாங்கள் படிப்பிக்கிறோம் என்ற தோரணை தீமை.

வானொலிக்கு நிகழ்ச்சிகளுக்கு இடையில் வெறும் நேரம் வருமல்லவா, அதற்கு ஒரு அடையாள இசை வேண்டும். எதை எடுத்தார்கள் தெரியுமோ? 1300ஆம் ஆண்டளவில் ரூன் எழுத்தில் எழுதப்பட்ட பழைய சட்டச் சுவடி ஒன்றின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி மெட்டு இருக்கிறது. இரவில் கண்ட கனவைப் பற்றியது. டேனிஷ் மொழியில் எழுத்தில் கிடைத்த மிகப் பழைய மெட்டு அதுதான். அந்தத் துண்டைத்தான் வானொலியின் மூச்சாக வைத்தார்கள். செய்தி வரும் முன்னும், கச்சேரி தொடங்கும் முன்னும் அறுநூறு வருடத்துப் பழைய மெட்டு ஒலிக்கும்.

நீல்சன் வானொலியின் முதல் ஆறு வருடத்தைத்தான் கண்டார். 1931 ஜனவரியில் தான் படித்த இசைக் கல்லூரிக்கே தலைவரானார். இருதயம் கனகாலமாகப் பழுது. அக்டோபர் 3ஆம் திகதி நள்ளிரவு கழிந்து சில நிமிடத்தில் கொப்பன்ஹேகன் அரச வைத்தியசாலையில் உயிர் பிரிந்தது. வயது 66.

அந்த நேரம் அவருடைய பாட்டு டென்மார்க்கில் வீட்டுக்கு வீடு. ஆனால் வெளிநாட்டில் அவருடைய பெயர் பெரிதாக எடுபடவில்லை. பின்லாந்தின் சிபேலியஸுக்கு லண்டனும் நியூயார்க்கும் கதவு திறந்திருந்தன. அதே 1865இல் பிறந்த நீல்சனுக்குத் திறக்கவில்லை. அதை மாற்றியது வானொலிக் குழு. அந்தக் குழுவை வளர்த்தவர்களில் இருவர் யாரென்று அகதிகளாகிய நாங்கள் அறிய வேண்டும். ஒருவர் பிரிட்ஸ் புஷ், ஜெர்மனியர். டிரெஸ்டன் ஒப்பெராவின் இசைத் தலைவர். 1933 மார்ச்சில் நாஜிக் குண்டர்கள் கூச்சல் போட்டு அவரை மேடையிலிருந்து இறக்கினார்கள். யூதரல்ல, அவர்களோடு ஒத்துப்போகாதவர், அவ்வளவுதான் குற்றம். நாட்டை விட்டு வந்த அவரைக் கொப்பன்ஹேகன் வானொலி கூப்பிட்டு வேலை கொடுத்தது. மற்றவர் நிக்கொலாய் மால்கோ, 1929இல் சோவியத் நாட்டை விட்டு வெளியேறியவர். ஊர் இழந்த இரண்டு பேர் இந்த நாட்டு வாத்தியக்காரருக்குத் தாளம் பிடித்துக் கொடுத்தார்கள். அகதி என்றால் வாங்குகிறவன் என்று பேசுகிறவர்களிடம் சொல்ல இது நல்ல கதை.

1940 ஏப்ரல் 9ஆம் திகதி ஜெர்மன் படை உள்ளே வந்தது. துப்பாக்கி இல்லாத மக்கள் பாடத் தொடங்கினார்கள். ஜூலை 4ஆம் திகதி ஓல்போர்க்கில் ஒரு கூட்டம் ஒன்றுகூடித் தங்கள் நாட்டுப் பாட்டுகளைப் பாடியது. அது பற்றிக்கொண்டது. செப்டம்பர் 1ஆம் திகதி நாடெங்கும் ஒரே நாளில் ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் கூடிப் பாடினார்கள் என்று கணக்கு. நாலு மில்லியனுக்குக் குறையக் குடித்தொகை உள்ள நாடு அப்போது இது. புத்தகம் பார்க்காமல் இத்தனை பேர் ஒரே பாட்டைப் பாட வேண்டுமென்றால், அதற்கு முன்னம் பள்ளிக்கூடமும் வானொலியும் அந்தப் பாட்டை வருடக்கணக்காகக் காதில் போட்டிருக்க வேண்டும். ஒரு கிழமையில் வருகிற காரியமல்ல.

போர் முடிந்து 1950இல் வானொலிக் குழு ஸ்கொட்லாந்தின் எடின்பரோ விழாவுக்குப் போனது. பிரிட்ஸ் புஷ்ஷும் போனார், எரிக் டுக்சன் என்ற டேனிஷ் நெறியாளரும் போனார். டுக்சன் அங்கே நீல்சனின் ஐந்தாவது சிம்பொனியை வாசிப்பித்தார். அதில் ஒரு இடத்தில் பக்கத்தாளக்காரன் ஒருவன் மற்ற எல்லோரையும் குழப்புவது போலத் தன்பாட்டில் அடித்துக்கொண்டே இருப்பான். முதலாம் உலகப் போர் முடிந்து நாலு வருடத்தில் எழுதியது. சபை அதிர்ந்து போனது. அடுத்த நாள் பத்திரிகைகள், இப்படி ஒருவர் இருந்ததை நாங்கள் எப்படி அறியாமல் இருந்தோம் என்ற தோரணையில் எழுதின. அதற்குப் பிறகு இசைத்தட்டுகள் வந்தன. 1962இல் அமெரிக்காவில் லெனார்ட் பேர்ன்ஸ்டைன் அதே சிம்பொனியை ஒலிப்பதிவு செய்தார். மனிதர் இறந்து முப்பது வருடம் கழித்து.

பொது வானொலி எல்லாவற்றையும் சரியாகச் செய்தது என்று சொல்ல மாட்டேன். ஐம்பதுகளில் டேனிஷ் வானொலி இளைஞர் கேட்ட பாட்டைப் போடவில்லை. 1958இல் ரேடியோ மெர்க்குர் என்று ஒரு கள்ள வானொலி, கடலில் கப்பலை நிறுத்தி அங்கிருந்து பாட்டுப் போட்டது. பெடி பெட்டைகள் எல்லாம் அந்தப் பக்கம் ஓடினார்கள். 1962இல் சட்டம் போட்டு அதை நிறுத்தி, 1963இல் அரச வானொலியே மூன்றாவது அலைவரிசையை மெல்லிசைக்கென்று திறந்தது. எங்கட கதையும் இதேதான். 1952இல் இந்தியாவில் அமைச்சர் கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைத் தள்ளி வைத்தது. சனம் என்ன செய்தது? இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பியது. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கொழும்பு ஒலித்தது. 1957இல் இந்தியா விவித பாரதியைத் தொடங்க வேண்டி வந்தது.

ஆனால் அந்தப் புகழுக்கு நாங்கள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். சினிமாப் பாட்டுப் போட்டுக் கடல் தாண்டிப் பெயரெடுத்த இலங்கை வானொலியில், ஈழத்துப் பாட்டுக்காரனுக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம்தான். எழுபதுகளில்தான் எஸ். கே. பரராஜசிங்கம் போன்றவர்கள் முயன்று, எங்கட கவிஞர்களின் சொல்லுக்கு எங்கட இசையமைப்பாளர்கள் மெட்டமைத்து, எங்கட பாடகர்கள் பாடிய மெல்லிசைப் பாடல்களுக்கு ஒரு இடம் பிடித்தார்கள். அந்தப் பாட்டுகள் சினிமாப் பாட்டைப் போல மினுங்கவில்லை. வாத்தியங்கள் குறைவு, வசதி குறைவு. ஆனால் பனையும் வயலும் கடலும் எங்கட பேச்சும் அதில் இருந்தன. நீல்சனும் லௌப்பும் தேடிய எளிமை அதுதான். அவர்களுக்குப் பின்னால் ஒரு வானொலி வருடக்கணக்காக நின்றது. எங்களுக்கு அது முளைவிட்ட நேரத்தில் 1983 வந்தது, பாடியவர்களும் கேட்டவர்களும் திசைக்கொருவராகச் சிதறினார்கள்.

இங்கே எங்கட விழா மேடைகளைப் பாருங்கோ. பிள்ளைகள் ஆடுவது பெரும்பாலும் சென்னையில் செய்த சினிமாப் பாட்டுக்கு. அதைக் குறை சொல்ல வரவில்லை, பிள்ளைகளுக்குச் சந்தோசம், பெற்றோருக்கும் சந்தோசம். ஆனால் மூன்று மணித்தியால விழாவில் ஒரு ஈழத்து மெல்லிசை, ஒரு அருவி வெட்டுப் பாட்டு, ஒரு கூத்துப் பாட்டு இல்லையென்றால், இருபது வருடத்தில் அவை எங்கே இருக்கும்? டென்மார்க்கில் எண்பதுகளிலிருந்து ஊர்தோறும் சின்ன உள்ளூர் வானொலிகளுக்கு இடமும் உதவியும் கிடைத்தது, வேற்றுமொழிக்காரரும் அதில் நேரம் எடுத்தார்கள். இப்போது வானொலி நிலையமே தேவையில்லை, ஒரு கைத்தொலைபேசி போதும். ஊரிலிருந்து வந்த அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் இன்னும் சிலர் பாடக்கூடிய நிலையில் இருக்கிறார்கள்.

டேனிஷ்காரரும் இதைச் சண்டை இல்லாமல் காப்பாற்றவில்லை. 2014இல் டேனிஷ் வானொலி செலவைக் குறைக்கவென்று தன் பொழுதுபோக்கு வாத்தியக் குழுவைக் கலைப்பதாக அறிவித்தது. வாத்தியக்காரர் விடவில்லை, வெளியில் காசு சேர்த்துத் தனிக்குழுவாக இன்றும் வாசிக்கிறார்கள். 2018இல் அரசு வானொலியின் பணத்தை ஐந்தில் ஒரு பங்கு வெட்டியபோது, புதிய டேனிஷ் குழுக்களின் பாட்டைப் போடுகிற பி6 பீட் என்ற அலைவரிசையை மூடப் போவதாகச் சொன்னார்கள். இசைக்கலைஞரும் நேயர்களும் கூச்சல் போட்டார்கள், 2019இல் ஆட்சி மாறியபின் அது தப்பியது. 2022இலிருந்து அனுமதிப் பணம் இல்லை, வரியிலிருந்து போகிறது. ஆகவே வரி கட்டுகிற எங்களுக்கும் அந்த வாத்தியக் குழுவில் பங்கு உண்டு. வியாழக்கிழமைக் கச்சேரிகளை வீட்டிலிருந்தே கேட்கலாம்.

ஆன் மரி தன் கணவருக்கு ஒரு சிலை செய்தார். பல வருடம் இழுபட்டு 1939இல்தான் கொப்பன்ஹேகனில் குரோனிங்கன் தெருவில் நிறுத்தினார்கள். ஓஸ்டர்போர்ட் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்து போகிற தூரம். கோட்டுப் போட்ட இசை மேதையை அதில் தேட வேண்டாம். சேணமில்லாத குதிரையின் முதுகில் ஒரு இளைஞன் இருந்து குழல் ஊதுகிறான்.